ஒற்றச்சு: வாழ்த்து அட்டைக்கு முத்திரை எதற்கு?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "மிஸ், அஞ்சு ரூபாய் தலையா, பத்து ரூபாய் தலையா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த தாளை நீட்டினாள். ரப்பர் ஸ்டாம்பால் படம் பதித்து, வண்ணம் தீட்டி வாழ்த்து அட்டை செய்யும் பெட்டி ஒன்றோடு வந்த தமிழ்க் குறிப்பு அது. "அஞ்சல் தலை இட்ட அட்டையின் மீது நீர் நிறத்தைப் பூசவும்" என்று இருந்தது. பாவம், படித்ததை அப்படியே நம்பி அப்பாவிடம் தபால் தலை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டாம்ப் என்ற சொல்லைப் பார்த்ததும் அஞ்சல் தலை என்று எழுதிவிடுவது வெறும் பிழை. அதற்காக யாரும் வாதாட வரப்போவதில்லை. நான் வாதாட வேண்டியது 'முத்திரை'யோடு. படித்தவர்கள், அக்கறையாகத் தமிழ் எழுதுகிறவர்கள்கூட "முத்திரையிட்ட வாழ்த்து அட்டை", "முத்திரைக் கலை" என்று எழுதுகிறார்கள். அது தப்பு என்றுதான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஸ்டாம்ப் வந்த வழி. இடித்தல், காலால் ஓங்கி மிதித்தல் என்பதுதான் அதன் பழைய பொருள். பிறகு அழுத்திப் பதித்த அடையாளம் ஆயிற்று, அரசு வரி வாங்கியதற்கான அடையாளம் ஆயிற்று. பசை தடவிய தபால் துண்டு 1840இல்தான் பிரிட்டனில் வருகிறது. நம் நாடு முழுவதற்கும் 1854இல் வந்த ஸ்டாம்பில் விக்டோரியா ராணியின் தலை இருந்தது. 'தபால் தலை' என்ற பெயருக்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். பிரிட்டனில் அந்த முதல் ஸ்டாம்பைக் கொண்டுவந்த பென்னி தபால் திட்டத்தில் வேலை பார்த்த ஹென்றி கோல்தான் 1843இல் முதன்முதலாக விற்பனைக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை போட்டார். ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்த படத்தைக் கல்லச்சில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கோடு அச்சில், வண்ணம் கையில். இன்று என் மேசையில் குழந்தைகள் செய்வதும் இதேதான்.

இனி முத்திரை. வடமொழியிலிருந்து வந்த சொல் என்பது என் புகார் இல்லை. நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட எத்தனையோ சொற்களை நானும் நாள் முழுக்கப் பேசுகிறேன். முத்திரை என்றால் அதிகாரம். ஒருவர் தன் பெயரால், பதவியால், "இது என்னுடையது, இது செல்லும்" என்று உறுதி சொல்வது. முத்திரைத்தாள், அரசு முத்திரை, தராசுக் கல்லில் வைக்கும் முத்திரை எல்லாம் அந்த வழி. என் தோழி வீட்டுப் பாப்பாவின் பிறந்தநாளுக்கு நான் பதிக்கும் செம்பருத்திப் பூவில் என்ன அதிகாரம் இருக்கிறது? போதாததற்கு யாழ்ப்பாணத்தில் முத்திரை என்றால் தபால் தலையேதான். அங்கே ஒருவர் "முத்திரையிட்ட அட்டை" என்று படித்தால், அந்தச் சிறுமி விழுந்த அதே குழியில் விழுவார். நாட்டியக்காரர்களுக்கு அது கை அடையாளம். அரசியல் மேடையில் "துரோகி என்று முத்திரை குத்திவிட்டார்கள்" என்பார்கள். இத்தனை சுமையையும் ஒரு பூப்படத்தின் தலையில் ஏற்ற வேண்டுமா?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, முத்திரையோடு ஒட்டிக்கொண்டு வரும் 'குத்து' என்ற வினை. முத்திரை குத்து, சீல் குத்து. நாமெல்லாம் தபாலாபீஸில் பார்த்து வளர்ந்தது அந்தக் கை. மணிக்கட்டை உயர்த்தி டொக் டொக்கென்று இடிக்கும் கை. குழந்தையிடம் "குத்து" என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே இடிப்பாள். ரப்பர் நசுங்கி, பூவுக்கு வெளியே கட்டையின் விளிம்பும் மையோடு பதியும், கோடு இரண்டிரண்டாகத் தெரியும். என் வகுப்பில் ஒரு பையன் அப்படி நான்கு அட்டையை வீணாக்கினான். "கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வை, அப்படியே நேராக எடு" என்றேன். ஐந்தாவது அட்டையில் மயிலின் தோகைக் கண் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது.

ஒற்று. இதுதான் அந்தச் சொல். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், காயத்துக்குத் துணியை ஒற்றி எடுக்கிறோம். மெதுவாக வைத்து, அழுத்தி, இழுக்காமல் எடுப்பது. கருவிக்கு நம்மிடம் 'அச்சு' இருக்கிறது. அச்சு முறுக்கு, அச்சு வெல்லம், கோல அச்சு, துணிக்கு அச்சுக்கட்டை. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள். வண்டி அச்சு வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தால் ஒற்றச்சு. மரக்கட்டையில் ஒட்டிய ரப்பருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவாக வரும் பாலிமர் தகட்டுக்கும் இந்த ஒரு பெயர் போதும். செய்த அட்டை 'அச்சொற்றிய அட்டை'.

நண்பர் ஒருவர் 'அச்சு' என்றால் அச்சகத்தில் அடித்த அட்டை என்று நினைப்பார்களே என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அச்சகத்து அட்டையை 'அச்சடித்த அட்டை' என்கிறோம். அடித்தது இயந்திரம், ஒற்றியது கை. வினையே பிரித்துக் காட்டிவிடுகிறது. இன்னொருவர் தனித்தமிழ் அன்பர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகள் மேல் 'புலி பொறித்து' வெளியே அனுப்புவதைக் காட்டி, 'பொறிப்பட்டை' என்று வைக்கச் சொன்னார். அழகான வரி, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் புலியும் சோழ அரசின் அதிகார அடையாளம்தான். தவிர, இன்றைய தமிழில் பொறித்தல் என்றால் கல்லிலும் செம்பிலும் செதுக்குவது. காகிதத்தில் மை உட்காருவதற்கு அது பொருந்தாது.

அந்தக் குறிப்பில் இருந்த 'நீர் நிறம்' பற்றி இரண்டு வார்த்தை. அது தண்ணீரின் நிறம், அவ்வளவே. வாட்டர் கலருக்கு நீர்வண்ணம் என்பது நிலைத்துவிட்டது. திருநீர்மலையில் நீர்வண்ணப் பெருமாள் இருக்கிறாரே, அங்கேயும் நீரின் நிறம்தானே என்று கேட்கலாம். கேட்கலாம்தான், ஆனாலும் ஓவியம் என்று பேச்சு வந்துவிட்டால் யாரும் குழம்புவதில்லை. நீர்ச்சாயம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சாயம் நீரில் கரைந்து நாருக்குள் இறங்குவது. நீர்வண்ணம் என்பது நிறப்பொடியை வேலம் பிசினில் குழைத்தது. காகிதத்தின் மேல் பிசின் பிடித்து நிற்கிறது. அட்டை செய்கிறவர்கள் ஒற்றும் மைகளில் சாய மையும் உண்டு, நீர் பட்டால் பெரும்பாலும் கரைந்து ஓடும். ஆகவே இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் வேலையே கெட்டுவிடும்.

'பூசவும்' என்பதும் அந்த வகைதான். சுண்ணாம்பு பூசலாம், சந்தனம் பூசலாம். நீர்வண்ணத்தைப் பூசினால் சேறாகிவிடும். முன்னூறு ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு முன்னூறு கிராம் எடையுள்ள வழவழப்பான தாளில், நீருக்கு அழியாத மையால் கோட்டை ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். பூவிதழின் நடுவில் வெறும் நீரை வைத்து, ஓரத்தில் தூரிகை நுனியால் வண்ணத்தைத் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடும். ஒட்டும் மையில் ஒற்றி, மேலே சூட்டில் உருகும் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் கோடு புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு வயல் வரப்பு மாதிரி. வண்ணம் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தாண்டாது. குழந்தைகளிடம் வரப்பு என்றதும் உடனே புரிந்துகொண்டார்கள்.

அந்தக் குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் சூடு காட்டும் கருவியை 'வெப்பத் துப்பாக்கி' என்றும், மை பரவுவதை 'மை இரத்தம் கசியும்' என்றும் போட்டிருந்தார்கள். குழந்தைகள் கையில் போகும் தாள். இதை எழுதியவர் ஒரு முறையாவது மட்டமான நோட்டில் எழுதி, "பேனா ஊறுது" என்று சொன்னதில்லையா? அந்த ஊறுதல்தானே இது. இயந்திரம் மொழிபெயர்த்திருந்தால், அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். தயவுசெய்து படியுங்கள். விலையில் ஒரு ரூபாய் கூட்டிக்கொண்டாலும் பரவாயில்லை.

அந்தப் பெண்ணின் தாளில் 'அஞ்சல் தலை இட்ட' என்பதை அடித்துவிட்டு 'அச்சு ஒற்றிய' என்று எழுதிக் கொடுத்தேன். தூரிகையை எடுக்குமுன் அவள் தன் ஒற்றச்சை மையில் தொட்டு, காகிதத்தில் வைத்து, உள்ளங்கையால் மூன்று எண்ணும்வரை அழுத்தி எடுத்தாள்.