ரீஃபேக்டரிங் – உட்சீரமைப்பு

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு, எபேன் சைபர் சிட்டி என்ற கணினித் தொழில் வளாகத்தில் வேலை பார்க்கும் இருவர் வருகிறார்கள். வீட்டில் கிரியோல், ஆபீசில் பிரெஞ்சும் ஆங்கிலமும், கோயிலில் மட்டும் தமிழ் என்று வளர்ந்தவர்கள். இப்போது தங்கள் வேலையையும் தமிழில் சொல்ல ஆசைப்படுகிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், கணினியின் மூளையான ப்ராசஸரை அடையாளம் காணும் பகுதியைத் திருத்தி எழுதிய கதையை ஒருவர் சொல்ல வந்தார். ‘ரீஃபேக்டரிங்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். “இதுக்குத் தமிழ் என்ன, ஐயா?”

லத்தீனில் ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். அதிலிருந்து ‘ஃபேக்டர்’, செய்பவர். கணக்கில் அந்தச் சொல், பெருக்கி ஓர் எண்ணை உண்டாக்கும் எண்களைக் குறித்தது. நம் பாடப்புத்தகத்தில் அது காரணி. நிரலாளர்கள் சொல்லும் ரீஃபேக்டரிங்கை இந்தக் கணக்குப் பொருளோடு சேர்த்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். 12ஐ 3×4 என்றும் பிரிக்கலாம், 2×6 என்றும் பிரிக்கலாம். பிரித்த விதம்தான் வேறு, மதிப்பு அதே 12. அப்படி, ஒரு நிரல் வெளியே தரும் விடை மாறாமல் அதன் உள்ளடுக்கை மட்டும் மாற்றுவது ரீஃபேக்டரிங். வில்லியம் ஒப்டைக்கும் ரால்ஃப் ஜான்சனும் 1990இல் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதினார்கள். 1992இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒப்டைக் செய்த முனைவர் பட்ட ஆய்வும் இதைப் பற்றியதே.

சரி, கெர்னல் கதைக்கு வருவோம். கணினி எழும்போது கெர்னல் தன் ப்ராசஸரிடம் “நீ யார்?” என்று கேட்க வேண்டும். (செயலி என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லை இப்போது போன் ஆப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள்.) பதிலாக மூன்று விவரம் கிடைக்கும்: செய்த நிறுவனம், குடும்ப எண், மாடல் எண். 1995இல் வந்த பென்டியம் ப்ரோ தொடங்கி இன்டெல் சில்லுகளில் பெரும்பாலானவை குடும்பம் 6. அதனால் கெர்னலின் பல இடங்களில் “குடும்பம் 6தானே” என்று வைத்துக்கொண்டு மாடல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். இன்டெல் வேறு குடும்ப எண்களுக்குப் போகத் தொடங்கினால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

2024இல் இன்டெல்லின் டோனி லக் இதைச் சரிசெய்தார். அவர் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவனம், குடும்பம், மாடல் மூன்றும் எட்டெட்டு பிட் கொண்ட சின்னப் பெட்டிகள். அவற்றை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, காலியாக ஒரு எட்டு பிட் பெட்டியையும் சேர்த்து, மொத்தத்துக்கும் 32 பிட்டில் ஒரே பெயர் கொடுத்தார். பழைய பெயரால் கூப்பிடும் நிரலுக்குப் பழைய பதிலே கிடைக்கும். புதிதாக எழுதுபவர் மூன்றையும் ஒரே ஒப்பீட்டில் முடித்துவிடலாம். அப்புறம் கோப்பு கோப்பாகப் பழைய ஒப்பீடுகளை மாற்றிக்கொண்டு போனார்கள். கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் மாறவில்லை.

இதற்கு என்ன சொல் வைப்பது? ‘மறுகாரணிப்படுத்தல்’ என்று நேராகப் போட்டால் ஏதோ காரணம் தேடுவது போலக் கேட்கிறது. கனடாவில் பிரெஞ்சு பேசுபவர்கள் ‘ரேயுசினாஜ்’ என்கிறார்கள். ‘யுசின்’ என்றால் ஆலை. மொரீஷியஸில் யுசின் என்றதும் கண்ணில் வருவது சர்க்கரை ஆலை. கரும்பு உள்ளே போய்ச் சர்க்கரையாக வெளியே வரும் இடம் அது. போட்டது ஒன்று, வருவது வேறு. நமக்கு வேண்டிய பொருளுக்கு நேர் எதிர்.

பலரும் எழுதுவது ‘மறுசீரமைப்பு’. நல்ல சொல்தான், ஆனால் தொகுதி மறுசீரமைப்பு, கடன் மறுசீரமைப்பு என்று அது போன இடமெல்லாம் வெளியே ஏதோ மாறுகிறது. சீரமைப்பது மட்டும் போதாது என்பதை எங்கள் தீவு ரூபாய் நோட்டிலேயே பார்த்தோம். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி என்றிருந்தது. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போனது. அதே மதிப்பு, அதே மொழிகள், வரிசை மட்டும்தானே என்று சொல்ல முடியுமா? இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர்களில் நம் முன்னோர் முதலில் இறங்கியவர்கள் என்ற வரலாறு அந்த வரிசையில் இருந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் பழைய வரிசையில் மறுபடி அச்சாகி வந்தன.

ப்ராசஸரை அறியும் நிரலிலும் வரிசைக்குப் பொருள் உண்டு. நிறுவனத்தின் பெயர் 12 எழுத்து, ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்கள் மூன்றில் நான்கு நான்காக வரும். ஈபிஎக்ஸ், அடுத்து ஈடிஎக்ஸ், கடைசியில் ஈசிஎக்ஸ் என்று படிக்க வேண்டும். அகரவரிசைதானே என்று கடைசி இரண்டை மாற்றினால் ‘ஜெனுயின் இன்டெல்’ உளறலாகிவிடும். சைரிக்ஸ் என்ற நிறுவனத்தின் பழைய சில்லுகள் சிலவற்றில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வசதியே அணைந்திருக்கும். கெர்னல் முதலில் அதை இயக்கிவிட்டுத்தான் கேட்கும். அழகுக்காக அந்த இரண்டு வரியை இடம் மாற்றினால் சைரிக்ஸ் ஊமையாகிவிடும். அதை மறுசீரமைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், ரீஃபேக்டரிங் ஆகாது.

அதனால் நான் அவர்களுக்குக் கொடுத்த சொல் உட்சீரமைப்பு. உள் + சீரமைப்பு. உட்சுவர், உட்பொருள் போல எளிதாகச் சொல்ல வருகிறது. கை வைப்பது உள்ளே மட்டும் என்ற வாக்குறுதி முதல் எழுத்திலேயே இருக்கிறது. வினையாக ‘உட்சீரமை’: “ப்ராசஸரை அறியும் நிரலை உட்சீரமைத்தோம்.” அதே மாற்றத்தில் ஒரு புதுச் சில்லையும் சேர்த்தால், அந்தப் பகுதியை ‘உட்சீரமைப்பு’ என்று எழுதாமல் ‘சேர்ப்பு’ என்று தனியாகப் பதிவுசெய்யச் சொன்னேன்.