டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பைப் பாருங்கள்

தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்துக்குள் வரும் கார்களில் சில நேராக எங்கள் பட்டறைக்குத்தான் வரும். புகார் ஒன்றேதான்: "நூறுல வரும்போது பிரேக் மிதிச்சா ஸ்டீரிங் உதறுதுங்க." சமீபத்தில் வந்த ஒருவர் கையோடு பழைய பில்களையும் கொண்டுவந்திருந்தார். ஒரே வருடத்தில் முன்பக்க டிஸ்க்குகளை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டுகளை) இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். இரண்டு தடவையும் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று சொல்லித்தான் மாற்றிவிட்டிருக்கிறார்கள். சில மாதம் நன்றாக ஓடி, மறுபடி அதே உதறல். எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று கேட்கத்தான் அவர் வந்தார். சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் முகம் முழுக்கத் துரு, செதில் செதிலாக. இரண்டு ஜோடி டிஸ்க் மாட்டியவர்களுக்கு ஒரு கம்பி பிரஷ் எடுத்து அதைத் தேய்க்கத் தோன்றவில்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்தான் எழுதுகிறேன்.

உதறல் எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பிரேக்கைத் தொடாமலே 80, 90 வேகத்தில் நடுங்கினால் வீல் பேலன்ஸிங் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக்கைப் பாருங்கள். அலைன்மென்ட் செய்தால் இது போகாது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்தாலோதான் அலைன்மென்ட். ஸ்டீரிங் ஆடினால் பெரும்பாலும் முன்பக்க டிஸ்க். ஸ்டீரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் அதிர்ந்தால் பின்பக்க டிரம். அவசரமாக அழுத்தி மிதிக்கும்போது பெடல் படபடவென்று காலைத் தள்ளுவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதால். அது கோளாறு இல்லை, காலை எடுத்துவிடாதீர்கள்.

இப்போது அந்த "வளைஞ்சிருச்சு" கதைக்கு வருவோம். சாதாரணமாக ஓடும் காரில் வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் வளைவது அபூர்வம். சூடான டிஸ்க்கில் வாட்டர் வாஷ் அடிக்கக் கூடாது, சரி. ஆனால் வருகிற எல்லா உதறலுக்கும் அதையே காரணம் சொல்வது சோம்பேறித்தனம். உண்மையில் நடப்பது, டிஸ்க்கின் கனம், அதாவது தடிமன், இடத்துக்கு இடம் மாறிப்போவது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை, கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 15 தடவை சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு தடவை அந்தத் தடித்த இடம் பேடை (டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டையை) தள்ளினால் ஸ்டீரிங் உதறாமல் என்ன செய்யும்? டவுனுக்குள் 40ல் போகும்போது தெரியாததும் இதனால்தான்.

கனம் மாறுவது இரண்டு வழியில். ஒன்று, ஏற்காடோ கொல்லிமலையோ இறங்கி டிஸ்க் கொதிக்கும்போது, வண்டியை நிறுத்தி பெடலை மிதித்தபடியே இருப்பது. பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். தோசைக்கல்லில் மாவு ஒட்டினால் கல் வளைந்துவிட்டது என்றா சொல்வோம்?

இன்னொன்றுதான் அந்தக் காரில் நடந்தது. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துருச் செதில் ஒன்று மாட்டினால் டிஸ்க் துளி சாய்ந்து உட்காரும். நடுவில் இருக்கும் துளி விலகல் டிஸ்க்கின் ஓரத்தில் பெருகிவிடும். பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒரே இடம் சுற்றுக்குச் சுற்று பேடை உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கே தேய்ந்துவிடும். புது டிஸ்க் சில மாதம் நன்றாக ஓடி மறுபடி உதறுவது இதனால்தான். டிஸ்க் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

அடுத்த குற்றவாளி ஏர் கன். பஞ்சர் கடையில் டர்ர்ரென்று அடித்து முறுக்குகிறார்களே, அதில் ஒரு நட்டு ஒரு அளவு, பக்கத்து நட்டு வேறு அளவு. இறுக்கம் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் டிஸ்க் சாய்ந்துதான் உட்காரும். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் காரின் அளவு மேனுவலில் இருக்கும். ஏர் கன்னில் முறுக்கிய நட்டு பல சமயம் இதைவிட எவ்வளவோ அதிகம். கையால் ஏற்றி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சில் முடிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நின்று பார்த்து வாங்குங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது: ஹப் முகத்தைச் சுத்தம் செய்தீர்களா? டிஸ்க்கை மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? சுற்றும்போது டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, 0.05க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின் கையால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா? அதற்குச் சிலிக்கான் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் சின்ன உதறலும் பெரிதாகத் தெரியும், அதையும் பாருங்கள்.

கனம் மிச்சமிருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தை லேசாகச் சீவி எடுத்தாலே போதும். குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போகும் என்றால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து, புதுப் பேடோடு. மாற்றியதும் காலியான ரோட்டில் 60லிருந்து 20க்கு ஒரு பத்து தடவை நிதானமாகக் குறையுங்கள், நடுவே ஆற விடுங்கள். அந்தப் பத்தும் முடியும்வரை முழுதாக நிறுத்தி மிதித்துப் பிடிக்காதீர்கள்.

"உதறுது, ஆனா பிரேக் பிடிக்குது, அப்புறம் பார்க்கலாம்" என்று ஓட்டுபவர்களிடம்தான் எனக்குப் பயம். உதறல் பழகியவர்கள் அறியாமலே மெதுவாக, தாமதமாக மிதிக்கத் தொடங்குகிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லோடு லாரி போகும்போது அந்தத் தாமதம் உயிருக்கு உலை வைக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெங்களூரு கிளம்பும் முன்னால் வண்டியைக் கொண்டுவந்து காட்டிவிடுங்கள். ஹப்பைத் துருவெடுத்து, டயல் கேஜ் வைத்துப் பார்க்க அரைநாள் போதும்.