பைவால்வ்: நத்தை இல்லை, இரட்டைக் கதவு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில், அவித்த கெராங் (இரட்டை ஓட்டுச் சிப்பி வகை) ஒரு தட்டு வாங்கி உட்கார்ந்தோம். "மாமா, இதுவும் சிப்புட்தானே?" என்றான் அக்காள் மகன். ஊர்ப் பெயரிலேயே சிப்புட் இருந்தால் பிள்ளை வேறென்ன கேட்பான்? மலாயில் சிப்புட் என்றால் நத்தை. நத்தைக்கு ஓடு ஒன்று, கெராங்குக்கு இரண்டு. அந்த இரண்டைச் சொல்வதுதான் 'பைவால்வ்' என்ற ஆங்கில உயிரியல் சொல்.

'பை' என்றால் இரண்டு. 'வால்வா' லத்தீன் சொல். மடக்குக் கதவின் ஒரு பலகை. குழாய் வால்வும் இதய வால்வும் இதன் வழி வந்தவையே. குழாயை மனத்தில் வைத்து 'இரட்டை அடைப்பான்' என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல்.

கதவு என்பது வெறும் உவமை இல்லை. தட்டில் இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தோம். இரண்டு ஓடும் சேரும் இடத்தில் நேரான கீல், அதில் சீப்புப் போலப் பொடிப் பற்கள். கீலில் உள்ள கறுத்த நார் ஓடுகளை எப்போதும் திறக்கவே பார்க்கும்; உள்ளிருக்கும் தசைதான் இழுத்து மூடி வைத்திருக்கிறது. வெந்நீரில் தசை பிடியை விட்டதும் கதவு தானாகத் திறக்கிறது. விரலில் வடிந்த சிவப்புச் சாறு? நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இதற்கும் உண்டு.

1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் கெராங்குக்கு வைத்த அறிவியல் பெயர் 'அர்க்கா கிரானோசா'. அர்க்கா பெட்டி, கிரானோசா மணிகள் நிறைந்தது. ஓட்டின் வரிகளை நகத்தால் தடவினால் அந்த மணிகள் தட்டுப்படும். பெயரின் முதல் சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியைக் குறிக்கும். பிறகு அந்தப் பேரினம் மாறி, இப்போது 'டெகிலார்க்கா கிரானோசா'. அதனால்தான் இந்தப் பெயருக்குப் பின்னால் லின்னேயஸ் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. பெயர் வைத்தவர் இவர், ஆனால் வைத்த பேரினத்தில் உயிரி இப்போது இல்லை என்று அதற்குப் பொருள். அந்த அடைப்புக்குறியைச் சும்மா அழகுக்கு என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

சரி, தமிழில்? சிப்பி, மட்டி, ஆளி, கிளிஞ்சல் எல்லாம் இந்தக் கூட்டத்தில் அடங்கும் வகைகள். மொத்த வகுப்புக்கும் ஒரு பெயர் வேண்டும். தொல்காப்பிய மரபியல் 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறது. உரைகாரர்கள் நந்துவில் சங்கையும் நத்தையையும் வைத்தார்கள். முரளில் இப்பியையும் கிளிஞ்சலையும் வைத்தார்கள். ஒற்றை ஓடு ஒரு பக்கம், இரட்டை ஓடு மறு பக்கம்! ஆனால் முரள் என்றால் இன்று யாருக்குப் புரியும்?

உயிரெழுத்துக்கு முன் இரண்டு 'ஈர்' ஆகும், ஈருருளி போல. அந்தக் கணக்கில் 'ஈரோட்டு உயிரி' சரியான சொல். கேட்பவருக்கோ ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்த உயிரி மாதிரி இருக்கும். கதவுப் பலகைக்கும் காதுக்கும் பொருந்துகிற 'மடல்' நம்மிடம் இருக்கிறதே, 'இருமடலி' என்றால் என்ன? என் ஓட்டு அதற்குத்தான். கடையில் மட்டும் கெராங் என்றே கேட்போம்.