இடிக்கும் முன் அளந்து வையுங்கள்

புதுச்சேரியில் பழைய வீடு என்றதும் பலருக்குக் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்தான் ஞாபகம் வரும். சத்தமில்லாமல் இடிபடுவதோ பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் வீடுகள். அப்படி ஒரு வீடு தாங்குமா, இடிக்கணுமா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நூத்தம்பது வருசம் ஆச்சு சார், சுவரெல்லாம் உப்பு பூத்துப்போச்சு, இனி தாங்காது" என்றார் வீட்டுக்காரர். தட்டிப் பார்த்தேன். உள்ளே செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே பிற்பாடு பூசிய சிமெண்ட். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து செங்கல்லை மாவாக உதிர்த்துவிடும். சுவருக்குள் செருகிய தேக்கு உத்தரத்தின் முனையில் விரலை வைத்தால் பொடியாகக் கொட்டியது. அதே உத்தரத்தின் நடுவில் ஆணி இறங்கவில்லை! கெடுத்தது பூச்சு, பழி வயசின் மேல்.

முனைகளை மாற்றி, சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினால் நிற்கும் என்றேன். பங்காளிகள் நாலு பேர். பாகம் பிரிக்க மனைதான் வேண்டியிருந்தது.

இடிக்கும்போதுதான் வீட்டின் கதை தெரிந்தது. கீழே திண்ணை, முற்றம், மரத்தூண், எல்லாம் தமிழ்க்கட்டு. மாடியில் வளைவு ஜன்னல், பிரெஞ்சுப் பாணி. கீழ்ச்சுவரில் சன்னச் செங்கல், மாடியில் தடித்தது. நடுவே கோடு போட்டதுபோல் ஒட்டு. மாடி பிந்தி எழும்பியது. குடும்பத்தின் பிரெஞ்சுப் பத்திரங்களைப் படிக்கச் சொன்னபோது, முதல் பத்திரத்தில் மாடி இல்லை, அடுத்ததில் இருந்தது. அந்தப் பத்திரங்களை அதுவரை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. தூண்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய மரச்சாமான் கடைக்குப் போயின.

வைசியாள் வீதியில் இதே மாதிரி வீடுகளை, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீராக்கியது; 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகமான 19-ஆம் நூற்றாண்டு மேரி (Mairie) கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தபிறகும் பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021-ல் திறந்தார்கள். அது ஊர் அறிந்த அரசுக் கட்டடம். உங்கள் வீட்டுக்கு வரைபடமே இருக்காது.

ஆகவே, இடிக்கத்தான் வேண்டும் என்றாலும் முதலில் சுண்ணாம்பு வேலை தெரிந்த பொறியாளரிடம் காட்டுங்கள். அறை அறையாக அளந்து வரையுங்கள். உத்தரம் சுவரில் ஏறும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள். பத்திரத்தைப் பிரெஞ்சு தெரிந்தவரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்குங்கள். கடைக்காரரிடம் தூணுக்கு விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.