மைக்ரோபயாலஜி சேர்வதற்கு முன் ஆய்வகத்தைப் பாருங்கள்

பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பெற்றோர் அட்மிஷன் சமயத்தில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "நீட்ல மார்க் வரலை மேடம், மைக்ரோபயாலஜி ஈஸியா இருக்குமா?" இருக்காது. வாயில் நுழையாத பெயர்களுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அவை பழகிவிடும். கை பழகுவதுதான் சிரமம்.

பாக்டீரியாவுக்கு நிறமேற்றி இரண்டு வகையாகப் பிரிக்கும் கிராம் சாயமேற்றலையே பாருங்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. இன்றும் ஆரம்பப் பாடமே அதுதான். பாக்டீரியாவை ஸ்லைடில் மெல்லிசாகப் பூசி, உலர்த்தி, சுடரில் லேசாகக் காட்டி, கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அப்புறம் ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். ஊதாவைக் கழுவும் அந்த ஆல்கஹாலில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சில விநாடி கூடினால் ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் இளஞ்சிவப்பாகிவிடும், குறைந்தால் ஈ.கோலையும் ஊதாவாகத் தெரியும். ஏன் என்று வைவாவில் கேட்பார்கள். பாக்டீரியாவின் செல்சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்ற வலைப்பின்னல் அடுக்கு எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது நேரம். பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கலவைக்கு ஊடகம் என்று பெயர். நல்ல ஊடகத்தில், 37 டிகிரியில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் காலனி, அதாவது பாக்டீரியாக் குவியல், உருவாக 18 முதல் 24 மணி நேரம் ஆகும். ஊடகத்தை, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, 45 டிகிரி அளவுக்கு ஆறியதும் வட்டத் தட்டில் ஊற்ற வேண்டும். அசந்தால் குடுவையிலேயே உறைந்துவிடும். தட்டில் பூஞ்சை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் மகள் ஞாயிற்றுக்கிழமை "தட்டு பார்க்கணும்" என்று கிளம்பினால், தயவுசெய்து நம்புங்கள்.

கணக்கும் உண்டு. மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யும் நீர்த்தல் வரிசையில் 30 முதல் 300 காலனி உள்ள தட்டைத்தான் எண்ணுவோம். பத்தின் அடுக்குகள் தடுமாறினால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆய்வக மேசையில் செல்போனை வைக்காதீர்கள், அங்கே எதையும் சாப்பிடாதீர்கள், லேப் கோட்டை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கிருமி உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும்; வீட்டில் பச்சைக் குழந்தையோ வயதானவரோ இருக்கலாம்.

சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போய்க் கேளுங்கள்: ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை பேர்? மாணவர்கள் ஊடகத்தைத் தாங்களே தயாரிக்கிறார்களா, அல்லது உதவியாளர் ஊற்றி வைத்த தட்டைப் பார்த்து ரெக்கார்ட் எழுதிவிட்டுப் போகிறார்களா?