பட்டாசு விதிகளும் வாயில்லா ஜீவன்களும்: சட்டம் எதைத் தடுக்கிறது, யாரிடம் புகார் செய்வது?

தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அனுமதி இரண்டு மணி நேரத்துக்குத்தான். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. காற்று மாசைக் குறைப்பதற்காக வந்த கட்டுப்பாடு என்றே பலரும் இதைப் பார்க்கிறார்கள். வழக்கு தொடங்கியதும் அதற்காகத்தான். ஆனால் வீட்டில் நாய், பூனை, மாடு வளர்ப்பவர்களுக்கும், தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் இதைவிடப் பயனுள்ள விதி வேறு கிடையாது. விலங்குகளைப் பாதுகாக்கவென்றே இயற்றிய சட்டத்தில் உள்ள அபராதத் தொகையைப் பார்த்தால் மனம் நொந்துபோகும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்த நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், அர்ஜுன் கோபால் வழக்கில் நாடு முழுவதற்கும் ஒரு உத்தரவு போட்டது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே வெடிக்கலாம் என்றது. நம் ஊரில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலும் அதை ஒட்டிய வெடியும்தானே? அதைச் சொல்லித் தமிழக அரசு நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வாரத்தில் உத்தரவு திருத்தப்பட்டது: நேரத்தை மாநில அரசே முடிவு செய்யலாம், ஆனால் மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அப்படி வந்ததுதான் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்ற ஏற்பாடு. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்பு இது அறிவிப்பாக வரும். அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கு அதே தீர்ப்பு கொடுத்த நேரம் 11.55 முதல் 12.30 வரை.

ஒரு நாயால் ஒரு மணி நேரச் சத்தத்தை, கஷ்டப்பட்டாவது, தாங்கிக்கொள்ள முடியும். கதவைச் சாத்தி, பக்கத்தில் ஆள் இருந்து, முன்கூட்டியே தயார் செய்திருந்தால் அது கடந்துபோய்விடும். முந்தைய நாள் மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் அதைக் குலைத்துவிடுகிறது. சாப்பிடாது, சிறுநீர் கழிக்க வெளியே வராது, கட்டிலுக்கு அடியிலேயே நடுங்கிக்கொண்டு கிடக்கும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு அது ஏறத்தாழ 45,000, பூனைக்கு 60,000-க்கும் மேல். நமக்குக் கேட்காத கீச்சொலிகூட அவற்றுக்குக் கேட்கும். அடுத்த தெருவில் வெடித்தது என்று நாம் சொல்வது அதற்குத் தலைக்கு மேல் வெடித்த மாதிரி இருக்கும். அதனால்தான் எந்த நேரத்தில் வெடிப்பது என்பது இங்கே பெரிய விஷயமாகிறது.

‘பசுமைப் பட்டாசு’ என்றால் சத்தம் வராதா?

வரும். இந்தக் குழப்பம் நிறையப் பேரிடம் இருக்கிறது. பசுமைப் பட்டாசு என்பது நாக்பூரில் உள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவைமுறைப்படி செய்யப்படுவது. பழைய பட்டாசைவிடக் குறைந்தது 30 சதவீதம் குறைவாகப் புகைத்துகள் வெளியிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெட்டியில் பச்சை நிற முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கும். நிறத்துக்காகச் சேர்க்கும் நச்சு ரசாயனமான பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது என்பதை 2018-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2021-இலும் 2023-இலும் மீண்டும் உறுதி செய்தது. இது மூச்சுக்கு நல்லது. நிலத்துக்கும், நிலத்தில் மேயும் மாட்டுக்கும் நல்லது. ஆனால் காதுக்கு எந்த அளவு நல்லது என்பது வேறு கேள்வி.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற ஒலி வரம்பு 1999-இல் மத்திய அரசு அறிவித்தது. 125 டெசிபல் என்பது சின்னச் சத்தம் இல்லை. வரம்புக்குள் வெடிக்கும் பசுமை அணுகுண்டுக்கும் நாய் ஓடத்தான் செய்யும். ஆகவே விலங்குகளை நினைத்து வாங்குகிறவர்கள் முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. என்ன வகை என்றும் பார்க்க வேண்டும். கம்பி மத்தாப்பு, சங்குச் சக்கரம், சத்தமில்லாத புஸ்வாணம், இவை போதும் குழந்தைகளுக்கு. இதையும் சிவகாசித் தொழிலாளிகள்தான் செய்கிறார்கள்; சத்தத்தைக் குறைத்தால் அவர்கள் வயிற்றில் அடித்ததாக ஆகாது.

சரவெடி விஷயம் இன்னும் தெளிவு. 2018 தீர்ப்பு சரவெடியின் உற்பத்தி, விற்பனை, உபயோகம் மூன்றையும் தடை செய்தது. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா எல்லாம் இதில் அடங்கும். காற்று, ஒலி, குப்பை மூன்றுக்கும் அது காரணம் என்று நீதிமன்றம் சொன்னது. இணையவழி விற்பனைக்கும் அதே தீர்ப்பில் தடை உண்டு.

வருடம் முழுக்கப் பொருந்தும் விதி

தீபாவளி தாண்டினால் எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை; 2010-இல் செய்த திருத்தத்தில் ஒரு வரி சேர்ந்தது. இரவு நேரத்திலும் அமைதி மண்டலத்திலும் சத்தம் எழுப்பும் பட்டாசு வெடிக்கக் கூடாது. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம், கட்சித் தலைவர் வரவேற்பு, கிரிக்கெட் வெற்றி எதற்கும் இதில் விலக்கு எழுதவில்லை. சாவு ஊர்வலத்தில் நடுரோட்டில் கொளுத்திப் போடுகிறார்களே, பகலில் போட்டாலும் ஆபத்தாகப் போட்டால் அது தனிக் குற்றம்: வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வது, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 288-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். துக்க வீட்டில் போய்ச் சட்டம் பேச யாருக்கும் மனம் வராது, புரிகிறது. ஆனால் ஊர்வலம் போகும் வழியில் மாட்டைக் கட்டியிருப்பவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

அமைதி மண்டலம் என்பது மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாமல் அரசு அறிவிக்கும் பகுதி. கால்நடை மருத்துவமனை என்று விதியில் தனியாகக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அறுவை முடிந்து கிடக்கும் மாட்டுக்கும் அமைதி வேண்டும்தானே.

சரணாலயமும் பக்கத்து ஊர்களும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 32-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் உயிரினங்களுக்குக் காயமோ ஆபத்தோ ஏற்படுத்தக்கூடிய வெடிபொருளையோ ரசாயனத்தையோ பயன்படுத்தவே கூடாது என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். சென்னை நடுவே இருக்கும் கிண்டிப் பூங்காவுக்கும் சேர்த்துத்தான். ஆனால் வெடிச்சத்தம் சரணாலயத்தின் வேலியோடு நின்றுவிடாதே. நெதர்லாந்தில் புத்தாண்டு இரவு வாணவேடிக்கையின்போது பறவைகள் என்ன செய்கின்றன என்று ரேடார் வைத்துப் பார்த்தார்கள். வெடிக்கும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரம் வரைகூடப் பறவைகள் கலைந்து எழுந்தது தெரிந்தது. இருட்டில் கலைந்து பறக்கும் பறவை கம்பியில் மோதும், கூட்டில் குஞ்சைத் தனியே விட்டுவிடும். நம் ஊரில் தீபாவளி வருவதும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நீர்ப்பறவைகள் வந்து சேர்வதும் ஏறக்குறைய ஒரே சமயம்.

சட்டம் எட்டாத இந்த இடத்தை நம் கிராமத்து ஜனங்கள் தாங்களாகவே நிரப்பியிருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் கலைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்போடு வந்து நன்றி சொல்வதும் அங்கே வழக்கம். ஈரோடு பக்கம் வெள்ளோடு, நெல்லை மாவட்டம் கூந்தன்குளம் சரணாலயங்களைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே பழக்கம். எந்த அரசாணையும் போடாமல், பிள்ளைகளின் ஆசையையும் சமாதானப்படுத்தி, தலைமுறை தாண்டி இதைக் காப்பாற்றி வருவது எவ்வளவு பெரிய காரியம்!

வேண்டுமென்றே செய்யும் கொடுமை

நாய் வாலில் வெடியைக் கட்டுவது, படுத்திருக்கும் மாட்டின் பக்கத்தில் கொளுத்திப் போடுவது, குட்டியை டப்பாவில் மூடி மேலே வெடி வைப்பது. இவை விளையாட்டு இல்லை, குற்றம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவில் வருகிறது. ஆனால் தண்டனை? முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். இந்தப் பிரிவில் பெரும்பாலானவற்றுக்கு நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸார் கைது செய்யவும் முடியாது. ஒரு உயிரின் வலிக்கு 50 ரூபாய் விலை போட்டு வைத்திருக்கும் சட்டத்தை மாற்றாமல் இருப்பது அநியாயம்.

அதனால் புகார் எழுதும்போது இந்த ஒரு சட்டத்தோடு நிற்க வேண்டாம். விலங்கு செத்தாலோ ஊனமானாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். அதில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. போலீஸார் நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம். நேரக் கட்டுப்பாட்டை மீறுவதற்கு, அதாவது அரசு உத்தரவை மீறியதற்கு, அதே சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு இருக்கிறது. 2018 தீர்ப்பு அந்தந்தக் காவல் நிலைய அதிகாரியையே பொறுப்பாக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தடை செய்த பட்டாசு அவர் எல்லைக்குள் விற்கப்பட்டால் நீதிமன்ற அவமதிப்புக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

புகாருக்கு வீடியோ இருந்தால் வலு. நேரம், இடம், யார் என்பது தெரிய வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, காயம் வெடியால் ஏற்பட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிருகவதைச் சட்டத்தின் கீழ் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்கு தொடுத்தாக வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் கைநழுவிவிடும். செய்தது பத்து வயதுப் பையன் என்றால் என் யோசனை, முதலில் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பலருக்கு அது வலிக்கும் என்றே யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கொடியது அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ தின்பண்டத்துக்குள்ளோ நாட்டு வெடியை வைத்துக் காட்டுப்பன்றிக்காகப் போடுவது. கோவை வனப்பகுதியில் இதைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினியால் யானைகள் செத்திருக்கின்றன. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு யானை. அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும். வெடிபொருள் சட்டமும் சேரும். தோட்டத்தில் இப்படி ஏதாவது கிடப்பதைப் பார்த்தால் கையால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ 100-க்கோ சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

நேரம் தெரிந்திருப்பதால் நம்மால் திட்டமிட முடியும். காலை 6 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குள்ளும் நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், கண்டிப்பாகக் கயிற்றோடு. பயந்து ஓடிய நாய் தானாகத் திரும்பி வருவது நிச்சயமில்லை. கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண் எழுதியிருக்கட்டும். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, டிவியையோ ஃபேனையோ ஓடவிடுங்கள். ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்க வேண்டாம். தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பது தவறான நம்பிக்கை. பக்கத்தில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடும் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ரொம்பப் பயப்படும் நாய் என்றால் ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்து வேறு, உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும் மயக்க மருந்து வேறு என்பது அவருக்குத் தெரியும்.

மாடு கட்டியிருப்பவர்கள் அன்று தெருப்பக்கம் கட்ட வேண்டாம். பின்கட்டுக்கு மாற்றிவிடுங்கள். மிரண்டு இழுக்கும்போது சுருக்கு இறுகாத முடிச்சாக இருக்கட்டும். தெருநாய்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் மட்டும் வாசல் கேட்டையோ வண்டி நிறுத்தும் இடத்தையோ திறந்துவிட்டால் போதும். ஒரு ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தீக்காயம் பட்டால் சுத்தமான, அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மஞ்சள், பேஸ்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, கட்டணம் இல்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பும் இருக்கிறது.

மறுநாள் காலையில் வாசலைக் கூட்டும்போது வெடிக்காமல் போனவற்றைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் குப்பையில் சேருங்கள். மருந்து ஒட்டிய காகிதத்தைக் குவித்து வைத்தால் மாடும் ஆடும் மேய்ந்துவிடும். நாய்க்கும் பறவைக்கும் வெளியே வைத்திருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி வையுங்கள், ராத்திரிச் சாம்பல் அதில் விழுந்திருக்கும்.