கூபே காருக்கு நாள் குறிக்கிறது யாரு?

ரெண்டே கதவு, தாழ்ந்த கூரைன்னு வர்ற ஸ்போர்ட்டி வண்டிதான் கூபே, அதெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுட்டிருக்கு. 1998-ல வந்த ஆடி டிடி 2023 நவம்பரோட முடிஞ்சுது, அதே வருஷக் கடைசில ஷெவர்லே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் போச்சு, 2025 ஆகஸ்ட்ல நிசான் ஜிடி-ஆர். ஒவ்வொண்ணு போகும்போதும் நம்ம ஊர்லயும் ஒரு ஒப்பாரி நடக்கும், இவ்ளோ பேருக்குப் புடிச்ச வண்டிய எவனாவது நிறுத்துவானா, கம்பெனில உக்காந்திருக்கவனுக்கு ரசனையே இல்லன்னு. ரசனை இல்லாம இல்ல பாஸ், அந்த வண்டிய வரைஞ்சவனே அவன்தானே. ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை காலைல முட்டுக்காடு பக்கம் ஒரு மஸ்டாங் உறுமிட்டுப் போனா டீக்கடைல நிக்கிறவர்ல இருந்து பஸ்ல தொங்குறவர் வரைக்கும் எல்லார் கையும் போனுக்குப் போகும், ஆனா ஷோரூமுக்குப் போற கால் எத்தனை?

கூபே விக்கிற விதமே வேற. ஸ்விஃப்ட் மாதிரி ஒரு வண்டிய தேவைக்கு வாங்குறோம், ஒருத்தருக்குக் கல்யாணம், இன்னொருத்தருக்குக் குழந்தை, வேற ஒருத்தருக்கு கிண்டில இருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் மாறிடுச்சு, இப்படி மாசாமாசம் புது ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. கூபே அப்படி இல்ல, பெரிய ஸ்டார் படம் மாதிரி, முதல் நாள் முதல் ஷோவுக்கு அடிச்சுப் புடிச்சு வர்ற கூட்டந்தான் மொத்தக் கூட்டமும். ஆசைப்பட்டவன் வந்த முதல் ரெண்டு வருஷத்துலயே வாங்கிடுவான், வாங்கினவன் அத ரெண்டாவது வண்டியா வச்சு துடைச்சுத் துடைச்சு பத்து வருஷம் ஓட்டுவான், மறுபடி வாங்க வரமாட்டான். அதனால விற்பனைக் கோடு சர்ருன்னு ஏறி சர்ருன்னு இறங்கும்.

புதுசா ஆள் சேராததுக்குக் காரணம் நமக்கே தெரியும். ரெண்டே கதவுங்கிறதால ஒவ்வொண்ணும் நீளம், டி.நகர் பக்கம் ஒரு பார்க்கிங்ல ரெண்டு இன்னோவாவுக்கு நடுவுல நிறுத்திட்டா பாதிக்கு மேல திறக்காது, வயித்த எக்கிக்கிட்டுதான் இறங்கணும். பின் சீட்ல அம்மாவ உக்கார வைக்க முடியாது. மூணு ஸ்பீட் பிரேக்கர் தாண்டுனா ஒண்ணுல அடி தட்டும், நவம்பர் மழை வந்தா வண்டி ஷெட்டுல. வெளிநாட்டுலயும் இதேதான், என்ன, மழைக்குப் பதிலா பனி.

சரி விக்கிறது கம்மின்னா கம்மியா செஞ்சுட்டுப் போறது, எதுக்கு அடியோட நிறுத்தணும்? இங்கதான் செலவு எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும். பொதுவா சொல்றது, இன்னைக்கு எல்லாம் பிளாட்ஃபார்ம்தானே, கீழ இருக்கிறது பொதுவானது, மேல ஒரு அழகான ஓடு மாட்டுனா கூபே ரெடி, இதுல என்ன பெரிய செலவுன்னு. அந்த ஓடுதான் செலவே.

அம்பத்தூர் எஸ்டேட்லயோ ஒரகடம் பக்கமோ பிரஸ் ஷாப்ல, டூல் ரூம்ல இருக்கிறவங்களக் கேட்டா ஒரு பாடி சைடு பேனல் என்ன பாடு படுத்தும்னு சொல்லுவாங்க. முன் கண்ணாடி ஓரத் தூண்ல ஆரம்பிச்சு கூரை விளிம்பு, கதவு ஓட்டை, பின் சக்கர வளைவு, டெயில் லேம்ப் வரைக்கும் ஒரே தகடு. இத அடிக்கிற இரும்பு அச்சுதான் டை, முதல் டை தகட்ட இழுத்து வடிவம் குடுக்கும், அடுத்தது ஓரத்த வெட்டும், அடுத்தது விளிம்ப மடிக்கும், இன்னொண்ணு ஓட்டை போடும், ஒவ்வொண்ணும் கிரேன் வச்சுத் தூக்குற டன் கணக்குல எடை. கூபேக்கு அழகே அந்தப் பின் பக்க இடுப்பு வளைவுதான், தகடு கிழியிறதும் சுருக்கம் விழுறதும் சரியா அதே இடத்துலதான். டைல நீல சாயம் தடவி, ஒரு தடவை அழுத்திப் பாத்து, எங்க ஒட்டியிருக்கு எங்க ஒட்டலன்னு பாத்து, ஒட்டாத இடத்துக்காக ஒட்டின இடத்த கையால தேய்ச்சு, மறுபடி அழுத்தி, இப்படியே வாரக்கணக்கா போகும். இவ்ளோ வேலையும் அந்த டை அஞ்சு லட்சம் தடவை அடிச்சாலும் இருபதாயிரம் தடவை அடிச்சாலும் ஒண்ணுதான். கதவு, கூரை, கண்ணாடி, டெயில் லேம்ப், எல்லாத்துக்கும் இதே கதை, போதாததுக்கு கிராஷ் டெஸ்ட்டும் தனி. பார்ட்ஸ் செஞ்சு குடுக்குற வெண்டார் பக்கம் கேட்டா இன்னும் பாவம், மாசம் முந்நூறு பீஸுக்காக ஓடிட்டிருக்கிற லைன நிறுத்தி செட்டிங் மாத்தணும், அந்த நேரம் அவருக்கு நஷ்டம், அவர் விலைய ஏத்துவார்.

ஆனாலும் இதெல்லாம் போட்டு முடிச்ச காசு, டை செஞ்சாச்சு, இனிமே அடிக்க அடிக்க லாபந்தானே. அதனாலதான் பழைய கூபே பல வருஷம் மெதுவா, சத்தமில்லாம விக்கும். சாகுறது எப்போன்னா மறுபடி காசு போட வேண்டிய நாள் வரும்போது. என்னைக் கேட்டா மொத்த மேட்டரும் இதுதான், விற்பனை குறைஞ்சது நோய்னா, நாள் குறிக்கிறது ஒரு புது விதி.

சும்மா ஒரு கணக்கு போடுவோம், நம்பர் நான் எடுத்துக்கிட்டது. ஒரு புது பாதுகாப்பு விதிக்கு வண்டிய மாத்த 200 கோடி ஆகுதுன்னு வைங்க. வருஷம் 2 லட்சம் விக்கிற வண்டி, இன்னும் 5 வருஷம் ஓடும்னா 10 லட்சம் வண்டி, ஒரு வண்டிக்கு 2,000 ரூபா, எவனும் கவனிக்க மாட்டான். வருஷம் 4,000 விக்கிற கூபே, மிச்சம் 3 வருஷம், 12,000 வண்டி, தலைக்கு 1,66,000-க்கு மேல. விலைய ஏத்துனா 4,000 மூவாயிரமாகும், அப்போ தலைக்கு இன்னும் ஏறும், இந்தச் சுழல்ல மாட்டுனா வெளிய வர்றது கஷ்டம்.

நிசான் ஜிடி-ஆரோட ஆர்35 மாடல் இதுக்கு அப்படியே பாடம் மாதிரி இருக்கு. 2007-ல வந்து 18 வருஷம் ஓடி மொத்தமே சுமார் 48,000 வண்டிதான், உலகம் முழுக்க. இந்தியாலயும் 2016 கடைசில வந்துச்சு, ரெண்டு கோடிக்கு ஒரு லட்சம் கம்மியா. அது ஒரே நாள்ல சாகல, ஒவ்வொரு நாடா செத்துச்சு. 2021-ல ஆஸ்திரேலியா, வண்டிய பக்கவாட்டுல ஒரு கம்பத்து மேல மோத விடுற டெஸ்ட் எல்லா காருக்கும் கட்டாயமாச்சு. 2022-ல ஐரோப்பா, அங்க சத்தம். ரோட்டு நடுக்கோட்டுல இருந்து ஏழரை மீட்டர் தள்ளி ரெண்டு பக்கமும் மைக் வச்சு, வண்டி சுமார் 50 கிலோமீட்டர் வேகத்துல வந்து ஆக்சிலேட்டர அழுத்திட்டுப் போகும்போது எத்தனை டெசிபல்னு அளப்பாங்க, அந்த அளவ படிப்படியா இறக்கிட்டே வர்றாங்க. சைலன்சர மாத்துனா சரியாப் போகும்னு தோணும், ஆனா அகல டயர் ரோட்டுல உருளுற சத்தமே தனியா ஒரு பங்கு, அத சைலன்சர் என்ன பண்ணும், டயர ஒல்லியாக்குனா அது ஜிடி-ஆரே இல்ல. கடைசில ஜப்பானும் அமெரிக்காவும் மட்டும்தான் பெரிய மார்க்கெட்டா மிஞ்சுது, அப்புறம் அதுவும் முடிஞ்சுது.

புகை விதி இதவிட நுணுக்கமான ஆளு. ஐரோப்பால ஒரு கம்பெனி வருஷத்துக்கு விக்கிற மொத்தக் காருக்கும் சேத்து கார்பன் டை ஆக்சைடு சராசரி பாக்குறாங்க, 2021-ல முழுசா அமலுக்கு வந்து 2024 வரைக்கும் இருந்த இலக்கு கிலோமீட்டருக்கு 95 கிராம், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தாண்டுனா, தாண்டின ஒவ்வொரு கிராமுக்கும், வித்த ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். ஏற்கனவே எல்லைல நிக்கிற கம்பெனி 220 கிராம் விடுற கூபே ஒண்ணு வித்தா அந்த 95-ஐத் தாண்டி 125 கிராம், 125 இன்டு 95, பதினோராயிரத்து எண்ணூத்துச் சொச்சம் யூரோ, அந்த ஒரு வண்டியால மட்டும். அதுல வர்ற லாபம் அவ்ளோ இருக்குமா? நம்ம மாருதி தயவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஜிம்னி கூட இந்தச் சராசரிலதான் ஐரோப்பால மாட்டுச்சு, சுசுகி அங்க அத பயணிகள் காரா விக்கிறத நிறுத்திட்டு பின் சீட்ட கழட்டி சரக்கு வண்டியா வித்தாங்க! வருஷத்துக்கு 1,000 காருக்குக் கீழ பதிவாகிற கம்பெனிக்கு இந்த இலக்கே கிடையாது, 10,000-க்குக் கீழன்னா சலுகை கேக்கலாம். ஆக சின்னக் கடைக்காரனுக்கு கூபே செய்யுறது சுலபம், பெரிய குடும்பத்துல பொறந்த கூபேக்குதான் ஆபத்து.

இப்போ புதுசா சேந்திருக்கிறது ஹேக்கிங் பயம். 2024 ஜூலைல இருந்து ஐரோப்பிய யூனியன்ல விக்கிற எல்லாப் புதுக் காருக்கும் சைபர் பாதுகாப்பு விதி. போர்ஷே 718 ஓட்டுறதுக்கு எவ்ளோ அருமையா இருந்தாலும் உள்ள இருக்கிற ஒயரிங், கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் 2010-கள் ஆரம்பத்து சமாச்சாரம், அத பிரிச்சு மேய்ஞ்சு புதுசு போடுறதுக்கு பதிலா அந்த மார்க்கெட்ல இருந்தே எடுத்துட்டாங்க, மத்த ஊர்ல கொஞ்ச காலம் வித்துச்சு. டொயோட்டா ஜிஆர்86-ம் அதே 2024 கெடுவோட வந்த பாதுகாப்பு விதிகளால ஐரோப்பால ரெண்டே வருஷந்தான். வண்டில ஒரு குறையும் கிடையாது, காலண்டர்தான் சரியில்ல.

இன்னொரு பக்கம் ஆலைல இடம். டிடி ஹங்கேரில எந்த ஆலைல செஞ்சாங்களோ அங்கயே 2018-ல இருந்து ஆடி க்யூ3 எஸ்யூவியும் செஞ்சாங்க, ரெண்டும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தோட ஒரே பிளாட்ஃபார்ம் குடும்பம். ஒரே பெயின்ட் ஷாப், ஒரே ஆளுங்க, அதுல எது அதிகம் விக்குதோ அதுக்குத்தான் முன்னுரிமைன்னு முடிவெடுக்க பெரிய படிப்பு தேவையில்ல. சென்னைக்காரங்களுக்கு இத விளக்கவே வேணாம், மறைமலை நகர் ஃபோர்டு ஆலைல செஞ்ச ஈகோஸ்போர்ட்ட புடிக்காதவங்க யாரு, 2022-ல ஆலையே நின்னுச்சு.

தப்பிச்ச மஸ்டாங் எப்படி தப்பிச்சுதுன்னா, 2015 மாடல்ல இருந்து ஆலைலயே வலது பக்க ஸ்டீயரிங்கோட செஞ்சாங்க, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நம்ம ஊருன்னு புதுப் புது முதல் நாள் கூட்டம் கிடைச்சுது. கமாரோக்கு ஆலைல அது கடைசி வரைக்கும் கிடையாது. இன்னொரு வழி கூட்டுச் சமையல், 86-ஐ டொயோட்டா சுபாருவோட சேந்து செஞ்சது, சூப்ராவ பிஎம்டபிள்யூ இசட்4 கூட சேந்து ஆஸ்திரியால செஞ்சது. செலவு பாதியாகும், ஆனா ஒருத்தன் எழுந்து போனா இன்னொருத்தனும் போகணும், 2026-ல சூப்ராவும் இசட்4-ம் சேந்தேதான் முடியுது.

பேர மட்டும் கம்பெனி விடமாட்டான், அதுக்கு டை செலவு இல்லல்ல. மிட்சுபிஷி எக்லிப்ஸ் எஸ்யூவி ஆச்சு, ஃபோர்டு கேப்ரி 2024-ல எலக்ட்ரிக் எஸ்யூவியா வந்து நின்னுச்சு, எனக்கு அது கேப்ரியே கிடையாது. ஹோண்டா ப்ரிலூட் 2025-ல ஹைபிரிடா, ரெண்டு கதவோடவே வந்தது பரவால்ல, புகை சராசரிக்கும் உறுத்தாது.

இங்க செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிடி கிடைக்குதுன்னு யாராவது துள்ளுனீங்கன்னா இஞ்சின நினைச்சு பயப்பட வேணாம், அந்த 2 லிட்டர் டர்போ பெட்ரோல் குடும்பம் ஸ்கோடா ஆக்டேவியாலயும் இருக்கு, தெரிஞ்ச மெக்கானிக்கும் பார்ட்ஸும் ஊர்ல உண்டு. பாக்க வேண்டியது டெயில் லேம்ப்ல விரிசல் இருக்கா, கதவுக் கண்ணாடி ஒரிஜினலா, பின் பக்க வளைவுல பட்டி பாத்திருக்காங்களான்னு. அந்த டைல இனிமே எப்பவாவது ஸ்பேருக்காகத்தான் அடிப்பாங்க, ஒரு டெம்போ உரசிட்டுப் போச்சுன்னா பேனல் எப்ப வரும், எவ்ளோ கேப்பாங்கன்னு டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்குங்க.